முடுக்கு என்றார் பாண்டிதுரை

சனிக்கிழமை காலை பேப்பரை மடித்து வைத்ததும் பட்டாளத்துப் பாண்டிதுரை ஒரு சொல்லைக் கையில் எடுத்தார். முடுக்கு. சாலைப் பணி முடுக்கம், குடிநீர்ப் பணி முடுக்கம் என்று பக்கத்துக்குப் பக்கம் முடுக்கித் தள்ளியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரையே முடுக்கும்போது ஒரு பொண்டாட்டியை முடுக்க முடியாதா?

விஷயம் இதுதான். மறுநாள் மம்சாபுரத்தில் மைத்துனன் குருசாமி மகளுக்குக் காதுகுத்து. போன விசேஷத்தில் அவர் கையில் சாம்பார் வாளியைத் திணித்து நாலு பந்தி பரிமாற வைத்தார்கள். ஒரு வாரத்துக்குக் கை தூக்க ஏலவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் ராஜபாளையத்துச் சிநேகிதன் வேல்பாண்டியோடு அய்யனார் கோவில் அருவியில் குளிக்கப் போவதாகப் பேச்சு. அந்த ரகசியத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி போனில் பேசி முடித்திருந்தார். மனைவி அங்காளம்மாள் இன்றைக்கே கிளம்பிவிட்டால், நாளைக்கு 'பைக் பஞ்சர்' என்று ஒரு போன் போட்டால் போதும்.

"ஏட்டி, தம்பி வீட்டு விசேஷத்துக்கு மொத நாளே போனாத்தான் மரியாதை. வேலைய முடுக்கு."

"எந்த வேலைய?"

"கொழா ஒழுகுது. பைக்கு வெயில்ல கெடக்கு. ஒண்ணு விடாம முடுக்கிட்டுக் கெளம்பு. நான் விடிஞ்சதும் வாரேன்."

அங்காளம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்க ஊர்ல முடுக்குக்கு நாலு அர்த்தம். எந்த அர்த்தத்துல முடுக்க?"

"எல்லா அர்த்தத்துலயும் முடுக்கு," என்றார் பெருந்தன்மையாக.

சாயங்காலம் அவள் பஸ் ஏறினாள். எல்லையில் ஒரு மலையைப் பிடித்தவர் மாதிரி பாண்டிதுரை மீசையைத் தடவிக்கொண்டார்.

ஞாயிறு காலை பல் தேய்க்கக் குழாயைத் திருகினார். அசையவில்லை. ஸ்பேனர் போட்டு முடுக்கியிருந்தாள். பரவாயில்லை, அருவி இருக்கிறது என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கைத் தேடினார். வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில், ஒரு ஆள் மட்டுமே போகிற முடுக்குச் சந்தில் அது நிழலில் நின்றது. முடுக்கு வாயில் இடுப்புயரத்துக்குச் செங்கல்.

அடுத்த வீட்டு ஜாஸ்மின் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டு மாடி வேலைக்கு வந்த கல். திங்கக்கிழமை வரைக்கும் அண்ணன் பைக்கை எடுக்க மாட்டாக, கல்லை இங்கேயே இறக்கிக்கோ என்று அங்காளம்மாள் அக்காதான் சொல்லிவிட்டுப் போனாகளாம்.

சரி, வேல்பாண்டியையே காரோடு வரச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். வாசலில் ஹாரன் கேட்டது. வேல்பாண்டியேதான். கஞ்சி மொடமொடக்கும் வேட்டி, சந்தனப் பொட்டு.

"அருவிக்கு இந்தக் கோலத்துலயா வருவே?"

"எந்த அருவி? தங்கச்சி நேத்தே போன்ல என்னைய முடுக்கிட்டாகல்லா. விடியவும் உன்னைக் கையோட மம்சாபுரத்துக்குக் கூட்டியாரணுமாம். அந்தத் துண்ட உள்ள வச்சுட்டு ஏறு."

பாண்டிதுரை விரலை மடக்கினார். குழாய் ஒன்று, சந்து இரண்டு, விரட்டியது மூன்று. நாலாவது அர்த்தம் என்னவாக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

பந்தல் வாசலிலேயே குருசாமி எதிரே வந்தான். கையில் இருந்த சாம்பார் வாளியில் ஆவி பறந்தது.

"வாங்கத்தான். ஒங்களுக்காகத்தான் பந்தியே காத்துக் கெடக்கு."

அவர் வாளியைப் பிடித்தபடி மனைவியைத் தேடினார். பட்டுச்சேலையில் முதல் வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த அங்காளம்மாள், சோற்றின் நடுவே குழி பறித்துக்கொண்டே சொன்னாள்:

"சோறு ஆறுது. ம், முடுக்குங்க."