கத்பர்ட்டுக்கு நீச்சல் தெரியும்

"ஆள் பேரு?" என்று கேட்டாள் ஐவரின்.

"லென்னாக்ஸ். அதான் எழுதியாச்சே."

"அது உங்க பேரு கேப்டன். உங்க கூட வர்ற ஆளோட பேரு. ரெண்டு தலை இல்லாத படகைப் பந்தயத்துல விடக்கூடாதுன்னு இந்த வருஷம் விதி போட்டிருக்காங்க."

ஈஸ்டர் சனிக்கிழமை காலை. கரீபியன் கடலின் பெக்வே தீவில், படகுத்துறைப் பாதாம் மரத்தடியில் மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தாள் ஐவரின். வரிசையில் நின்ற மற்றவர்கள் நாலைந்து பேராக, தோளில் கை போட்டுக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லென்னாக்ஸ் மட்டும் தனியாக நின்றார்.

மூன்று வருடமாகவே அப்படித்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய பந்தயத்தில் தோற்றதற்கு பிட்ஸ்ராய்தான் காரணம் என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தித் தீர்த்தார். இருபது வருடம் அவர் படகில் பாய் இழுத்த ஆள் பிட்ஸ்ராய். தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. அடுத்த மாதம் லென்னாக்ஸின் மனைவி யூலலி இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவர் கதவையே திறக்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிறகு வரவேயில்லை.

"கத்பர்ட்" என்றார், வாயில் வந்ததை.

"யாரு அது?"

"அம்மா வழிச் சொந்தம். யூனியன் தீவுக்காரன்."

"வரச் சொல்லுங்க, கையெழுத்து வாங்கணும்."

"படகுல இருக்கான். கூச்ச சுபாவம். பேசவும் மாட்டான்."

ஐவரின் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

லென்னாக்ஸ் வீட்டுக்கு ஓடினார். ஒரு சாக்கில் தேங்காய் மட்டையைத் திணித்துத் தைத்து, தன் நீலச் சட்டையை மாட்டி, பழைய தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார். படகின் முன்பக்கம் உட்காரவைத்ததும், தூரத்துப் பார்வைக்குக் கத்பர்ட் லட்சணமாகவே இருந்தார்.

"என்ன கத்பர்ட், சௌக்கியமா?" என்று பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் கூவினான். லென்னாக்ஸ் கயிறு கட்டி வைத்திருந்த சட்டைக் கையை இழுத்து ஆட்டினார். அந்தப் படகே பதிலுக்குக் கையாட்டியது.

காற்று நன்றாகப் பிடித்தது. சுக்கான், பாய் இரண்டையும் ஒற்றை ஆளாகச் சமாளித்ததில் பழைய கோபம் தலைக்கேறியது.

"இழுடா, மரமண்டை! என்னத்தப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க?"

கத்பர்ட் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லென்னாக்ஸ், "சரி, மனசுல வெச்சுக்காத. ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்" என்றார். இதை அவர் மனிதர்கள் யாரிடமும் சொன்னதில்லை. கையிலிருந்த ரொட்டியைப் பிட்டுப் பாதியைக் கத்பர்ட் மடியில் வைத்தார். பிறகு அதையும் தானே தின்றார்.

மிதவையைச் சுற்றித் திரும்பும்போதுதான் வினை வந்தது. பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து கத்பர்ட்டைக் கடலில் தள்ளியது.

"கேப்டன்! உங்க ஆள் விழுந்துட்டாரு!" என்று கத்தினான் காவல் படகை ஓட்டிவந்த ஷெர்லான்.

"அவனுக்கு நீச்சல் தெரியும்! நீ உன் வேலையைப் பாரு!"

"குப்புறக் கிடக்குறாரு கேப்டன்!"

"அவன் அப்படித்தான் நீந்துவான்!"

ஷெர்லான் சங்கை ஊதிவிட்டான். பந்தயம் நின்றது. முப்பது படகுகள் பாயை இறக்கின. லென்னாக்ஸை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

கரையில் ஊரே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. உண்மையைச் சொல்லத்தான் லென்னாக்ஸ் வாயைத் திறந்தார். அத்தனை முகங்களைப் பார்த்ததும் வேறு ஏதோ வந்தது.

"நீந்திக் கரையேறி, கப்பலைப் பிடிச்சு ஊருக்குப் போயிருப்பான்."

"சொல்லிக்காமலா?" என்றாள் ஐவரின்.

"அவன்தான் பேச மாட்டானே."

அவள் உடனே கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஈரச் சட்டையோடு யாரும் ஏறவில்லையாம். அதுவரை காணாமல் போயிருந்த கத்பர்ட், அதோடு செத்தே போனார்.

லென்னாக்ஸ் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வாசலில் நாற்காலிகள், ஒரு அண்டா மீன் சூப், சுட்ட ஈரப்பலாக்காய், அவற்றோடு ஊர் ஜனம். போன தடவை துக்கம் அவருடையது, திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை இருந்தது. இது கத்பர்ட்டுடைய துக்கம். கதவைத் திறந்தார்.

"தங்கமான மனுஷன்" என்றார் ஒருவர்.

"யாரையும் அதிர்ந்து ஒரு சொல் சொன்னதில்ல" என்றார் இன்னொருவர்.

கடைசியாக பிட்ஸ்ராய் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உன் படகுல உட்கார்ந்துட்டு, நீ திட்டினதுக்குத் திருப்பி ஒரு வார்த்தை பேசலையாமே அந்த மனுஷன்?"

"பேசல."

"என்னால முடியலப்பா லென்னாக்ஸ்."

"உன் மேல தப்பே இல்ல பிட்ஸ்ராய். அன்னிக்குக் காத்து மாறிடுச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கத்பர்ட்டுக்காக என்றுதான் தொடங்கினார். எந்த இடத்தில் அது யூலலிக்காக ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். யாரோ சூப்பைக் கையில் திணித்தார்கள். மூன்று வருடத்தில் அன்றுதான் அவர் பிறர் கையால் ஊற்றிய சூப்பைக் குடித்தார்.

"நாளைக்கு சர்ச்சுல ஜெபம்" என்றார் பிட்ஸ்ராய். "பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன். கத்பர்ட் எவ்வளவு உயரம் இருப்பாரு?"

இதற்கு மேல் தாங்காது என்று லென்னாக்ஸ் எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே ஷெர்லான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஷெர்லான், பெட்டி வேண்டாம்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு. கத்பர்ட்னு யாருமே இல்லப்பா. அது வெறும் சாக்கு."

ஷெர்லான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மெதுவா பேசுங்க கேப்டன். கடல்லேர்ந்து பத்தே நிமிஷத்துல அதைத் தூக்கிட்டேன். எங்க வீட்டுக் கொடியில காயுது. நீங்க கரையேறுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குடா இத்தனை பேரும் வந்திருக்காங்க?"

"மூணு வருஷமா இந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு எங்களுக்கும் ஒரு சாக்கு கிடைக்கலையே, கேப்டன்."