ரொட்டி காக்காவுக்கு வராத வார்த்தை

எண்பதுகளில் குவைத் ஃபர்வானியாவில் குடியிருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தக்கொதிப்பை ஏற்றிய பெருமை ஒரே மனிதரைச் சேரும். எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நாப்கினை 'ரொட்டி' என்று சொன்னதால் அவர் ரொட்டி காக்கா. காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன்.

"நாப்கின் இருக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும், காது சிவந்து கூரையைப் பார்ப்பார்.

"ரொட்டின்னு கேளுங்க தங்கச்சி. ஆம்பளைங்க நிக்கிறாங்க."

பிறகு பாக்கெட்டை எடுத்து பழைய பேப்பரில் சுற்றுவார், சுற்றுவார், சுற்றிக்கொண்டே இருப்பார். இங்கிலீஷ் பேப்பர்தான், அரபி ஓதுகிற எழுத்து என்பதால் அதில் எதையும் சுற்ற மாட்டார். மேலே சணல் கட்டு, அதற்கும் மேலே கறுப்புப் பை. கைக்குழந்தை அளவு மூட்டையோடு ஒருத்தி நடந்து போனால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் மறைப்பதாம்!

"அப்போ நிஜ ரொட்டியை எப்படிக் கேக்குறது?"

"அதுவும் ரொட்டிதான். கேக்குற மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும்."

என் கணவருக்குக் கூச்ச சுபாவம். அவருடைய மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்த அன்று நிஜ ரொட்டி வாங்க ஓடினார். ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் மூட்டையை வைத்தார். மேனேஜர் உதவுகிறேன் பேர்வழி என்று தாமே பிரித்தார். நான் சமையலறைக்குள் போனவள் அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் சண்டைக்குப் போனால், "தம்பி ரொம்ப வெக்கப்பட்டுக் கேட்டாரே, நான் என்ன செய்ய?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

எதிரே ஓர் அரபி வீட்டில் மல்லிகா என்ற இலங்கை மலையகத்துப் பெண் வேலை பார்த்தாள். வீட்டுச் சாமானை எஜமானி மேடத்தின் கணக்கில் வாங்கிப் போவாள். அவள் கையில் காசே தர மாட்டார்கள். போகும்போது பழைய பேப்பர் கேட்பாள். ஜன்னல் துடைக்க என்று காக்கா அள்ளிக் கொடுப்பார்.

ஒருநாள் மத்தியானம் மல்லிகா கடை வாசலில் இருந்த அரிசி மூட்டையில் முதுகை ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றாள். அருகில் போனேன்.

"பாவாடையில பட்டிருச்சுக்கா. பேப்பரைக் கசக்கித்தான் வச்சிக்கிறது. புண்ணாப் போச்சு. மேடத்துக்கிட்ட கேக்க வெக்கமா இருக்கு" என்றாள் மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காக்காவிடம் போட்டு உடைத்தேன். "ஜன்னலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க குடுக்குற பேப்பர்தான் காக்கா அவளுக்கு நாப்கின்!"

மனிதர் கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டார். அந்த நேரம் பார்த்து மேடத்தின் கார் வந்து நின்றது. தடுப்பதற்குள் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

"மேடம், பின்த் குபூஸ் மாஃபி!" என்றார். பெண்ணுக்கு ரொட்டி இல்லையாம்! அந்த இடத்திலுமா ரொட்டி?

மேடம் கொதித்துப்போனார். தன் வீட்டில் பட்டினி போடுவதாக மல்லிகா தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாளா என்று அரபியில் கத்தினார். மல்லிகா அழ ஆரம்பித்தாள்.

"விடுங்க காக்கா, என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க! வீட்டுல என் சம்பளத்தைத்தான் நம்பியிருக்காங்க!"

"அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைங்க காக்கா!" என்று நானும் கத்தினேன்.

காக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நாப்கின்! நாப்கின் மேடம்! பின்த் நாப்கின் மாஃபி!"

சலூன்காரர் கத்தியோடு வெளியே வந்து பார்த்தார். டாக்சிகள் நின்றன. மேடம் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகை மூட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த அம்மாளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். தன் தோளில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து மல்லிகாவின் இடுப்பில் சுற்றிவிட்டார். மாதாமாதம் வீட்டுச் சாமானோடு அதையும் அனுப்பச் சொல்லிவிட்டு, "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனார்.

காக்காவைக் காணவில்லை. கடைக்குப் பின்னால் எண்ணெய் டின்களுக்கு நடுவே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. காக்கா, நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.

"மெதுவாச் சொல்லுங்க தங்கச்சி. யாருக்காவது கேட்டிரப் போவுது."

கேட்கட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.