கடற்கரையில் வண்டி நிறுத்து படலம்

வாழ்க எங்கள் தலைவன்! எட்டடுக்கு மாளிகைகளின் இருட்குழிக்குள் எண்ணெய் படிந்த கரத்தோடு இறங்குபவன். அந்தரத்தில் நின்றுபோன கூண்டுகளைத் தட்டி எழுப்பி, உள்ளே வியர்த்து விறுவிறுத்துக் கிடந்த மானிடரை அவரவர் மாடியில் சேர்ப்பவன். இழுகம்பியின் மனமறிந்தவன், எதிரெடையின் குணமறிந்தவன். எதுவும் கீழே விழக் கூடாது என்பதையே வாழ்நாள் நோன்பாய்க் கொண்ட தடந்தோள் வேந்தன். உப்பு வீசும் காற்றே, ஓயாத் திரையே, அவன் போர்க்கதையைப் பாட எம் நாவில் வந்து அமர்க! லிஃப்ட் மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் பாடுவதில்லை என்ற குறை இன்றோடு தீரட்டும்.

விடுமுறைநாள் ஒன்றின் பிற்பகலில், கடலோரச் சாலையில் இரண்டு இரும்புப் புரவிகள் உறுமிக் கிளம்பின. முதற்புரவியில் தலைவன், அவன் முதுகில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் முக்கால் முகம் காணாமற்போன அவன் மகள் சிட்டு, அவளுக்குப் பின்னே, இரண்டு பைகளையும் ஒரு பெருங்குடையையும் அணைத்துப் பிடித்த அவன் மனைவி. இரண்டாம் புரவியில் மைத்துனன், அவனுக்குப் பின்னால் மாமியார். அந்த அம்மையார் பிறந்தது முதல் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. ஏறும்போது பல்லைக் கடித்துக் கண்ணை மூடியவர், மூன்றாவது வளைவில் கண்ணைத் திறந்தார். அதற்கடுத்த வளைவில் மகனின் முதுகில் ஓங்கித் தட்டி, மாப்பிள்ளையை முந்தச் சொன்னார். மைத்துனன் முந்த, தலைவன் முந்த, மனைவி குடையை ஆட்டி இருவரையும் அதட்ட, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிட்டு யாருக்கும் புரியாத பாட்டொன்றை முழங்க, வலப்பக்கம் கடலும் விட்டேனா பார் என்று கூடவே ஓடிவந்தது. எல்லாருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது.

இந்தப் பெரும்பயணம் எழுந்ததே சிட்டுவின் ஆணையால்தான். அவள் இதுவரை கடலில் கால் வைத்ததில்லை. வைப்பதென்றால் அப்பாவின் கையைப் பிடித்துத்தான் வைப்பாளாம், அம்மா கையெல்லாம் செல்லாதாம். ஒரு வாரமாகச் சாப்பாட்டு வேளைதோறும் இதை அறிவித்துவந்தாள். தலைவனும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

மாலை வெயில் மஞ்சளான நேரத்தில் கடற்கரை வந்தது. சாலை முடிந்து மணல் தொடங்கும் எல்லையில் சிமெண்டுத் தளம் ஒன்று விரிந்துகிடந்தது. மைத்துனன் தன் புரவியை அங்கே நிறுத்தினான், பூட்டினான், சீட்டியடித்தபடி இறங்கி நடந்தான். அந்தச் சீட்டியொலி தலைவனின் செவியில் பகைவர் பாசறைப் பறையாய் விழுந்தது. கண் சிவந்து, மீசை துடித்து, மனைவியையும் மகளையும் இறக்கிவிட்டு, விண்ணும் மண்ணும் கேட்க அவன் வஞ்சினம் உரைத்தான்.

“சிமெண்டுல யார் வேணாலும் நிறுத்துவாங்க. நான் அலைக்குப் பக்கத்துலயே நிறுத்திக் காட்டுறேன்.”

புகுந்தான் மணற்களத்துள் புரவியோடு! கெட்டி மணல் கடந்தான், பொலபொலத்த மணல் எதிர்ப்பட்டது, அஞ்சினானில்லை. முறுக்கினான் கைப்பிடியை, பின்சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கினான், எழுந்தது மணல்மாரி, நிறைந்தன மனைவியின் பைகள், மணலில் மறைந்தது பெருங்குடை. முறுக்க முறுக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு பாதி வரை இறங்கி அமர்ந்தது. சரி, இந்த இடமே போதும் என்று பெருந்தன்மையோடு எஞ்சினை அணைத்து, சைடு ஸ்டாண்டை உதைத்து இறக்கி, தலைவன் கீழே குதித்தான்.

ஸ்டாண்டு மணலுக்குள் வெண்ணெயில் கத்தியாய் இறங்கியது. வண்டி சாய்ந்தது. சாய்ந்ததா, சாய்வதுபோல் அவனுக்குத் தோன்றியதா என்பதைப் பின்வரும் உரையாசிரியர்கள் ஆராய்ந்துகொள்ளட்டும். எட்டு மாடிக் கூண்டுகளை விழாமற் காத்த அந்தக் கரங்கள் பாய்ந்து கைப்பிடியைப் பற்றின. பற்றிய கையை விட வழியில்லை.

அதன்பின் நிகழ்ந்த பெரும்போரை எப்படிச் சொல்வோம்! ஸ்டாண்டின் அடியில் சாப்பாட்டு டப்பாவின் மூடி என்னும் கேடயம் இடப்பட்டது; அது மடங்கி மாண்டது. சங்கு சிப்பிகளின் சேனை அனுப்பப்பட்டது. அது நொறுங்கிப் பொடியாயிற்று. மனைவியின் இடக்கால் செருப்பு களம்புகுந்து, சிறிதுநேரம் வீரத்தோடு நின்று, பின் அதுவும் ஆழம் பார்க்கப் போய்விட்டது. ஈரம் சொட்டச் சொட்ட வந்த மைத்துனன், தான் பிடித்துக்கொள்வதாகவும் மாமா போய்க் காலை நனைத்துவரலாம் என்றும் சொன்னான். அதற்குத் தலைவன் பார்த்த பார்வையில் அவன் உடம்பில் ஈரம் காய்ந்தது. முழங்கால் நீரில் குதித்துக்கொண்டிருந்த மாமியாரோ அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“விட்டுட்டு வாங்க மாப்பிள்ளை. அது எங்கயும் போகாது.”

பகைவர் சொல்லைக்கூடப் பொறுக்கலாம், மாமியாரின் இந்த அலட்சியத்தை எப்படிப் பொறுப்பது? தலைவன் பிடியை இறுக்கினான். தோள் கடுத்தது, விரல் மரத்தது, மூக்கு நுனியில் ஓர் ஈ வந்தமர்ந்து, விரட்ட ஆளில்லை என்று கண்டு குடித்தனமே தொடங்கியது. கதிரவன் நீர்விளிம்பைத் தொட்டான். இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்று மனைவி ஒற்றைச் செருப்போடு பையைக் கட்டத் தொடங்கினாள்.

சிட்டு இத்தனை நேரமும் ஹெல்மெட்டைக் கழற்றாமல், அலை வந்து தொடாத தூரத்தில், காய்ந்த காலோடு நின்றிருந்தாள். அம்மா அழைத்தும் இறங்கவில்லை, மாமா தூக்கியும் இறங்கவில்லை. இப்போது மெல்ல நடந்து வந்து, தலையை அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள்.

“பரவாயில்லப்பா. அடுத்த தடவை வந்து இறங்கிக்கலாம்.”

அம்பு துளைக்காத மார்பை அந்தப் பரவாயில்லை துளைத்தது. அழுதிருந்தால் தாங்கியிருப்பான்; அடம் பிடித்திருந்தால் அதட்டியிருப்பான்; அவள் பெரிய மனுஷிபோல் விட்டுக்கொடுத்ததை எந்தக் கேடயம் கொண்டு தடுப்பான்? புரவியே, போரில் என்னைப் பிரியாத துணையே, உன் கண்ணாடி உடையட்டும், உன் டாங்க் நசுங்கட்டும், நீ விழுந்த பழியை நானே சுமப்பேன் என்று மனத்துள் விடைகூறி, பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடி, எதையும் விழவிடாத அந்தப் பெருவீரன் வாழ்வில் முதன்முறையாகக் கையை விட்டான்.

விட்ட கையால் மகளின் கையைப் பற்றினான். ஓடினான், திரும்பிப் பாராமல் ஓடினான்! ஹெல்மெட் ஆட, சட்டை பறக்க, சிட்டு வீறிட்டுச் சிரிக்க, ஆளுயர அலையொன்று வாய்திறந்து வந்து இருவரையும் உருட்டி, மாமியாரின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினால் உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூவினாள் சிட்டு. அலைகளும் சளைக்காமல் வந்தன. மாமியார் சிரித்தார், மைத்துனன் சிரித்தான், பையை விட்டுவிட்டு ஓடிவந்த மனைவியும் சிரித்தாள். தலைவன் மட்டும், இரும்பு சரியும் அந்தக் கொடிய ஓசைக்காக ஒரு காதைத் தனியே ஒதுக்கிவைத்திருந்தான். ஓசை வரவில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல், ஊழைச் சந்திக்கும் உள்ளத்தோடு, உப்புநீர் வழியும் விழிகளைத் துடைத்து, கரையை நோக்கித் திரும்பினான்.

வண்டி அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.