கடந்தலுக்கு வார்த்த தேங்காய் எண்ணெய்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கண்டால் அதைத் திறந்து பார்த்துச் சீர்செய்யத் துடிக்கும் மனிதர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் யாரென்று அறியாமலேயே முப்பத்திரண்டு வயதுவரை நான் நிம்மதியாக வாழ்ந்தேன். (மற்ற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. மரியாதைக்காகச் சொல்லாம விட்டிருக்காவ.)

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிப்பது என் பணி. வானளாவிச் சுழலும் இறக்கைகளுக்குப் பொறுப்பானவன் என்பதால், தரையில் ஊரும் எதனையும் எந்திரமென்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் என்னிடம் அன்று இல்லை. மிக்ஸியில் சத்தம் வருகிறது என்று மனைவி ஜெபா சொன்னால்கூட, மலையுச்சியிலிருந்து இறங்கிவந்தவனின் முகத்தோடுதான் கேட்பேன்.

ஜெபாவின் தங்கை ஷைனி, பொறியியல் முடித்துத் தக்கலைக்கு அருகில் தன் தந்தை வீட்டில் இருந்தாள். போர் ரோபோ என்னும் கலையை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவள் அவளே. எட்டுக் கிலோவுக்கு மிகாத ஒரு வண்டி, இரண்டு சக்கரங்கள், முன்புறம் வெறிகொண்டு சுழலும் இரும்பு உருளை. இத்தகைய இரண்டு வண்டிகளைத் தடித்த பிளாஸ்டிக் கூண்டுக்குள் விட்டு, வெளியே நின்று ரிமோட்டால் மோதவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் செயலற்றுப் போவது தோற்றதாகும். (இதுக்கா நாலு வருசம் படிச்சே என்று நான் கேட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டிருப்பேன்.)

நான்கு மாத உழைப்பில் அவள் உருவாக்கிய ரோபோவின் பெயர் கடந்தல். கொட்டினால் காய்ச்சல் வரவைக்கும் பெருங்குளவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம்.

அந்த ரோபோவின்மீது அவளுடைய எதிர்காலமே ஏறி உட்கார்ந்திருந்தது. ரோபோவியலில் மேற்படிப்புக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. என் மாமனாருக்கோ மகள் உள்ளூரில் ஆசிரியையாக வேண்டும். தென்னந்தோப்பும் எண்ணெய்ச் செக்கும் வைத்திருந்த அவர், குரலை உயர்த்தாமலேயே தீர்ப்புச் சொல்லக்கூடியவர்.

"ஏட்டி, போட்டியில ஒரு சண்டையாவது ஜெயிச்சுக் காட்டு. கோயம்புத்தூருல சேத்து விடுகேன். இல்லேண்ணா பேசாம பி.எட். படிச்சு டீச்சராப் போ."

"ஒண்ணு போதுமாப்பா?"

"ஒண்ணு போதும்."

அணிக்கு இருவர் வேண்டும் என்பது விதி. யாரும் கேட்காமலேயே நான் முன்வந்தேன். முதல் நாளே, உருளையை நீக்கிவிட்டு மூன்று இறக்கைகள் பொருத்தலாம் என்று ஆலோசனை வழங்கினேன். ஷைனி உருளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத்தான், இது பறக்கப் போறதில்ல."

கோயம்புத்தூர்ப் போட்டிக்குப் புறப்படும் நாளன்று நண்பகலில், மாமனார் வீட்டுக் கார்க் கொட்டகையில் கடந்தல் தனித்திருந்தது. நானும் தனித்திருந்தேன். இடப்புறச் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். மெல்லிய ஓர் உறுமல் கேட்டது. பற்சக்கரம் என்று ஒன்றிருந்தால் உறுமத்தான் செய்யும். ஆயினும் நான் அதன் கியர் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இருந்த கறுப்புக் கிரீஸ், ஷைனி தேடிப்பிடித்து வாங்கி அளவறிந்து இட்டது. அதன் நிறமும் நாற்றமும் எனக்கு உவப்பாக இல்லை. பழைய வேட்டித் துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தேன். அதன்பின், மாமாவின் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை விளிம்புவரை வார்த்தேன்.

எங்கள் மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய் வெறும் சரக்கன்று, நம்பிக்கை. தலைக்கு, தீப்புண்ணுக்கு, திறக்காத பூட்டுக்கு, தையல் எந்திரத்துக்கு, முனகும் கதவுக்கு என்று அதனிடம் நாங்கள் ஒப்படைக்காத துயரம் இல்லை. காற்றாலையில் எண்ணெய் மாற்றுவதற்கு மூன்று கையொப்பம் வாங்குபவன் நான். வேற்று எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் வேலை போய்விடும் என்று புதிதாகச் சேர்வோரை மிரட்டுபவனும் நான். அந்த அறிவையெல்லாம் ஆரல்வாய்மொழியிலேயே பூட்டிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

சக்கரத்தைச் சுழற்றினேன். ஓசையே இல்லை. பெருமிதத்தோடு வலப்புறத்துக்கு நகர்ந்தபோது ஷைனியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. திறந்ததை அவசரமாக மூடினேன்.

"என்ன அத்தான், கையெல்லாம் எண்ணெய்?"

"தலைக்குத் தேச்சேன்."

(தலையில் தேய்ப்பதற்கு அன்றே அதிகம் எதுவும் இல்லை. இருந்தும் நம்பினாள், பாவம்.)

கோயம்புத்தூரில் பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தீர்ப்பளித்தவர் என்ற முறையில் மாமாவும் பலகாரப் பையோடு வந்திருந்தார். திறந்தவெளிப் பந்தலில் நடந்த பரிசோதனையில் எடை சரியாக இருந்தது. ரிமோட்டை அணைத்ததும் வண்டி நின்றது. ஓடியபோது வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இடது சக்கரத்துக்க ஓட்டத்தப் பாத்தியா?" என்றேன். இடதை மட்டும் ஏன் புகழ்கிறேன் என்பது ஷைனிக்கு விளங்கவில்லை.

பரிசோதனை முடிந்த ரோபோக்களைக் குளிரூட்டப்பட்ட அரங்கினுள் வைத்தார்கள். எங்கள் முறை வர மூன்று மணி நேரமாயிற்று. உள்ளே அடித்த குளிரில் மாமா தம் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கு, எண்ணெயைப் பற்றி ஓர் எண்ணமும் எழவில்லை.

வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் ஓட்டும் ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன். உருளையை இயக்குவது ஷைனியின் பொறுப்பு.

"அத்தான், நேரா மட்டும் போங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

"எனக்குத் தெரியும் பிள்ளே."

மணி அடித்தது. விசையை முன்னால் தள்ளினேன். வலச் சக்கரம் துள்ளிப் பாய்ந்தது. இடச் சக்கரம் அம்மிக்கல்லாகக் கிடந்தது. கடந்தல் நின்ற இடத்திலேயே செக்குமாடுபோல் சுற்றத் தொடங்கிற்று.

"அத்தான், நேரா!"

"இது ஒரு உத்தி. அவனுவ குழம்பட்டும்."

எதிரணியினரான சேலத்துப் பிள்ளைகள் உண்மையிலேயே குழம்பினார்கள், ஏறத்தாழப் பத்து நொடிகளுக்கு. பிறகு அவர்களுடைய வண்டி அருகில் வந்து, முதியவரைச் சாலை கடக்க வைக்கும் பரிவோடு கடந்தலை மூலைக்குத் தள்ளிச் சென்று சுவரோடு சாத்தியது. நடுவர் பத்துவரை எண்ணினார். அரங்கில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். சுற்றுவதுதான் வெற்றி என்று மாமா நினைத்திருந்தார்.

மேசைக்குத் திரும்பியதும் ஷைனி இடப்புறக் கியர் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே பற்சக்கரங்கள் மெழுகுவத்திக்குள் அகப்பட்டவைபோல வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தன. சேலத்துப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "அக்கா, இது வெண்ணெயா?" என்று கேட்டான்.

மாமா குனிந்து, நகத்தால் சிறிது கீறியெடுத்து முகர்ந்தார்.

"இது நம்ம செக்கு எண்ணெயாக்கும்."

தந்தையும் மகளும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள்.

"மருமவனே, குளிரு பட்டா இது கட்டியாவும்ணு தெரியாதா? மார்கழியில குப்பிய வெயில்ல வச்சுதானே தலைக்குத் தேப்பீரு?"

"தெரியும் மாமா."

"பின்ன?"

ஷைனி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்களைத் துடைத்துக்கொண்டு, "நாலு மாசம், அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

தோற்ற அணிகளுக்கு இன்னும் ஒரு சண்டை உண்டு என்றார் நடுவர். மாமா துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"ஏட்டி, அழாத. வண்டியத் தூக்கு. வெயிலு வெளியதானே கெடக்கு." பிறகு என் கையில் பலகாரப் பையைத் திணித்தார். "மருமவனே, நீரு அந்த வேப்பமரத்து மூட்டுல போய் நில்லும். ஒண்ணையும் தொடாண்டாம்."

மரத்தடியிலிருந்து பார்த்தேன். உருகிய எண்ணெயை ஷைனி வழித்தெடுத்துக் கறுப்புக் கிரீஸை இட்டாள். நான்கு மாதமும் அந்த ரோபோவின் பக்கமே திரும்பாத மாமா, கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஓட்டுவதும் உருளையும் இரண்டுமே இனி அவள் பொறுப்பு. பையைக் காக்கும் பொறுப்பு எனக்கு.

ஆகவே எங்கள் குடும்ப வரலாற்றின் மாபெரும் வெற்றியை நான் காணவில்லை, காதால் கேட்டேன். மணியோசை, இரும்பு பிளக்கும் ஓசை, பின்பு ஆரவாரம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமா வெளியே வந்தார். தோற்றவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"மருமவனே, பி.எட். போச்சு" என்றார்.

ஷைனி இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். ஆறு பேர் கொண்ட அணிக்குத் தலைவி. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அவர்கள் நிரப்பும் சரிபார்ப்புத் தாள் ஒன்று உண்டு. எடை, பேட்டரி, திருகாணி எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் "அத்தான் தொட்டாரா?" என்றிருக்கும். 'இல்லை' என்று குறிக்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாதாம்.

சென்ற மாதம் ஜெபாவும் நானும் மாமாவும் அவளைப் பார்க்கச் சென்றோம். அவள் தேநீர் வாங்கச் சென்றிருந்த நேரத்தில், அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்த மாணவர்களிடம், "அந்த அத்தான் நான்தான்" என்று புன்னகையோடு அறிமுகம் செய்துகொண்டேன்.

நான்கு பேர் சேர்ந்து ரோபோவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனார்கள். மாமா எழுந்து சென்று, அவர்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.