பச்சை ஒயர் அண்ணனின் மலை பஸ்

மைசூரில் கரண்டே இல்லாத பொருளுக்கும் எர்த் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பச்சை ஒயர் அண்ணன்தான். நம்பாதவர்கள் மேட்டகள்ளியில் நாங்கள் இருவரும் குடியிருந்த அறைக்கு வந்து அவருடைய லேப்டாப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளி. தொழிற்சாலைகளுக்கு மின்சாரப் பேனல் போர்டு ஒயரிங் செய்கிற வேலை. பகலெல்லாம் ஒயரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர் சாயங்காலம் என்ன செய்வார்? லேப்டாப்பைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஒயரிங் செய்வார். அது கம்ப்யூட்டரிலேயே இசை உண்டாக்கும் ஒரு சிந்தசைஸர் சாஃப்ட்வேர். திரையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். பெட்டிக்குப் பெட்டி குமிழ்களும் துளைகளும். மவுஸால் ஒயரை இழுத்து ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றில் மாட்டி, குமிழைத் திருகினால் விதவிதமாகச் சத்தம் வரும்.

இவர் முதலில் ஒரு பச்சை ஒயரை இழுத்து, எதற்கும் உதவாத ஒரு பெட்டியில் சொருகிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"இது எதுக்குண்ணா?"

"எர்த்துங்க தம்பி. ஷாக் அடிச்சா என்ன பண்றது? உசுரு முக்கியமுங்க!"

முதல் வாரம் குமிழைத் திருகுவதற்காக மவுஸையே மேஜைமேல் வட்டமாகத் திருகிக்கொண்டிருந்தார். குமிழை அழுத்திப் பிடித்து மவுஸை நேராக மேலே தள்ள வேண்டும் என்று நான்தான் சொன்னேன். சொன்னது என் தப்பு. தள்ளினார். மவுஸ் என் இட்லித் தட்டை இடித்து, சாம்பாரைக் கவிழ்த்து, சுவரில் போய் முட்டியது. மறுநாள் மவுஸுக்கு மேஜையில் பாதை விட்டு, என் சாப்பாட்டைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டார்.

மூன்று வாரமாக அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பஸ். மாதேஸ்வரன் மலை ஏறும் பஸ்ஸின் முனகல், வளைவில் ஹாரன், எல்லாம் குமிழ்களாலேயே. தெரு விநாயகர் விழாவில் அதை வாசித்துக்காட்டப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து அவர் மனைவி செல்வியக்காவும் வருவதாக இருந்தது.

"மியூசிக் பண்றேன்னு போன்ல சொன்னா, குடிச்சுப்போட்டு உளர்றேன்னு நெனைக்கறா தம்பி. அன்னைக்காவது நெசம்னு காட்டோணும்" என்றார்.

அன்று மாலை லேப்டாப்பை மேடையின் பெரிய திரையோடு இணைத்தார்கள். செல்வியக்கா முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். "ஹத்து நிமிஷம்தான் சார், ஆமேலே ஆர்கெஸ்ட்ரா இருக்கு" என்று, அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது என்பதைக் கன்னடம் கலந்த தமிழில் எச்சரித்துவிட்டுப் போனார் விழாக் கமிட்டிக்காரர்.

பேனலை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தரம் சுண்டி, இறுக்கம் பார்ப்பது அண்ணன் வழக்கம். அறையில் ஒருநாளும் செய்யாத அந்தச் சோதனையை மேடையில் செய்தார். குமிழுக்குக் குமிழ் மவுஸால் டக், டக் என்று இரண்டு தட்டு. அந்தச் சாஃப்ட்வேரில் இரண்டு தரம் தட்டினால் குமிழ் ஆரம்ப நிலைக்கே திரும்பிவிடும். "அண்ணா, வேண்டாம்!" என்று நான் கத்தியது ஒலிபெருக்கி இரைச்சலில் அமுங்கிப்போனது. சோதனை முடிந்த திருப்தியில், முத்திரை குத்துவதுபோல், அதையே சேவ் வேறு செய்தார். மூன்று வார வேலை போயே போய்விட்டது.

ஆரம்பித்தார். "ஊம்ம்ம்" என்று ஒரே சத்தம். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு குமிழைத் தள்ளினார். சத்தம் முக்கியது, இருமியது, படுத்துவிட்டது. இன்னொன்றைத் தள்ளினார், மறுபடி முக்கிப் படுத்தது. தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

செல்வியக்கா எழுந்து நின்றார்.

"ஏனுங்க, இது நம்ம மலை பஸ்ஸுதானுங்களே! வளைவுல நின்னுபோச்சு. மொத கியர் போடுங்க!"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மவுஸைத் தள்ளிய தள்ளில் அது மேஜையைத் தாண்டித் தொங்கியது. இன்ஜின் உறுமியது. அடுத்த குமிழில் ஹாரன் அலறியது. கூட்டமே கண்டக்டராகி விசிலடித்தது. கமிட்டிக்காரர், "ரைட், ரைட்!" என்று கத்தினார். பஸ் மலையேறி முடிக்க அரை மணி ஆனது, ஆர்கெஸ்ட்ரா காத்திருந்தது.

இறங்கி வந்தவரிடம் செல்வியக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அடுத்த வருசம் ஹாரனை நானு அடிக்கறனுங்க."

இப்போது இருவரும் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேஜை முழுக்க எனக்குத்தான். ஆனாலும் இட்லித் தட்டைக் கட்டிலில்தான் வைத்துக்கொள்கிறேன். திடீரென்று அண்ணன் வந்துவிட்டால் மவுஸுக்கு இடம் வேண்டுமே.