ரெட்டைக்காசும் எருமையும்

சேலம் ஜில்லாவிலேயே, சம்பள ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியில ஒண்ணுமே இல்லீங்களே" என்று வருத்தப்பட்ட ஒரே குமாஸ்தா எங்கள் ரெட்டைக்காசுதான். ஓமலூர்த் தாலுகாக் கச்சேரியில் எனக்கு அடுத்த மேஜை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

அவருடைய பைத்தியம் இதுதான். நவாபு பட்டத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட காலத்தில், ஊரைப் பிடித்தவன் எதிராளியின் செப்புக்காசுகளை வாரிக்கொண்டு வந்து அவற்றின் மேலேயே தன் முத்திரையை அடித்துவிடுவானாம். உற்றுப் பார்த்தால் அடியில் தோற்றவன் முத்திரையும் மங்கலாகத் தெரியும்; அதனால்தான் அது ரெட்டைக்காசு. தம்பியின் முத்திரைமேல் அண்ணன் அடித்த காசு அவரிடம் பதினொன்று இருந்தது. அண்ணனின் முத்திரைமேல் தம்பி அடித்தது ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றுக்காக மனிதர் சந்தை சந்தையாக அலைந்தார். வாலிபத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் "பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டதற்கு, "தட்டுல வச்சிருந்த காசெல்லாம் புதுசுங்க" என்றார். கல்யாணப் பேச்சு அதோடு சரி.

கடைசியில் ஆட்டையாம்பட்டியில் ஓர் எருமையின் கழுத்தில் அந்தக் காசைக் கண்டார். கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார்கள்.

"காசென்னங்க பெரிய காசு," என்றார் எருமைக்காரக் கவுண்டர். "ஆனா அத அவுத்தா இவ ஒரு சொட்டுப் பால் தரமாட்டாளுங்க."

"அப்படீன்னா அவளையும் சேத்தே குடுத்துருங்க."

அவரோ பாலே குடிக்காத பிரம்மச்சாரி. "அவசரக் குடும்பக் காரியம்" என்று லீவு எழுதிப் போட்டுவிட்டு, காசைக் கழுத்திலேயே விட்டு, எருமையையும் கன்றையும் இரண்டு நாள் நடத்தியே ஓமலூருக்குக் கொண்டுவந்தார். கச்சேரியே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த மாதம்தான் என் மனைவி பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் விழுந்தாள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லை. அவர் எங்கள் பக்கத்து வீடு. விடிந்தால் எருமைப்பால் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்த அந்தப் பாலில்தான் என் மகள் பிழைத்தாள்.

இதற்கிடையில் சென்னையில் பழங்காசு ஆராய்ச்சி செய்யும் கனவான் ஒருவருக்கு ரெட்டைக்காசு எழுதியிருந்தார். 'காசைக் கொண்டுவாருங்கள், அசல் என்றால் என் புத்தகத்தில் உங்கள் பெயரோடு வரும்' என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கச்சேரியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார், பியூனுக்கு இரண்டு தடவை.

புறப்படும் நாள் காலை. கயிற்றை அவர் பாதி அவிழ்த்திருக்கையில், காய்ச்சல் தெளிந்து எழுந்திருந்த என் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியருகே வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, அத அவுத்தா பாலு நின்னு போயிருமாமுங்களே?"

"அதெல்லாம் சுத்த மூடத்தனம், அம்மிணி," என்று சொல்லிக்கொண்டே முடிச்சை மறுபடி போட்டு இறுக்கினார். அன்றைய ரயில் அவர் இல்லாமலே போனது.

கனவானே ஒருநாள் தேடிக்கொண்டு வந்துவிட்டார். எருமை ஏரியில் கிடந்தது. பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு சேற்றில் இறங்கினார். அவர் குனியும்போதெல்லாம் அது தலையை உதறியது. முகமெல்லாம் சேறு.

"கழற்றிக் கொடுத்தால்தான் சொல்ல முடியும், சார்."

"அவுக்க முடியாதுங்க. கொழந்த பால் குடிக்குது."

"உங்கள் குழந்தையா?"

"பக்கத்து ஊட்டுக் கொழந்தைங்க."

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. அவர் பெயர் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, "அச்சு நல்லா இருக்குதுங்க" என்று மூடி வைத்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிட்டையராகி ஊருக்குப் போகும்போது பதினொரு காசையும் மூட்டை கட்டிக்கொண்டார். எருமையையும் கன்றையும் எங்கள் கொட்டகையில் கட்டிவிட்டுப் போனார். அவர் இப்போது இல்லை. அந்தக் கன்று வளர்ந்து எருமையாகி, காசு அதன் கழுத்தில் தொங்குகிறது. என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

போன வாரம் சேலத்திலிருந்து ஒரு பழங்காசு வியாபாரி வந்து கயிற்றில் கை வைத்தார்.

"அவுக்க முடியாதுங்க," என்றேன்.

"சரிங்க, எருமையோட சேத்தே வாங்கிக்கறேன். வெல சொல்லுங்க."

"எருமை விக்கறதுக்கில்லீங்க."