சில்லு நானாவின் அரை நூல்

கொழும்பிலே பயந்த மனுசர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஊரான் வீட்டுக் காருக்காகத் தன் நித்திரையைத் தொலைத்தவர் கொட்டாஞ்சேனை சில்லு நானா ஒருவர்தான். இதை எந்தக் கோயிலிலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் எனக்குத் தெரியாது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், சில்லு அவருடைய தொழில். ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் கடை. கார்ச் சக்கரத்தை, எங்கள் பேச்சில் சில்லை, கழற்றுவது, பூட்டுவது, அவ்வளவுதான் தொழில். பூட்டி முடிந்த பிறகுதான் அவருக்கு வருத்தம் தொடங்கும். ‘கடைசி நட்டை இறுக்கினேனா?’ இந்தக் கேள்வி வந்துவிட்டால் சோறு இறங்காது. ஒருதரம் ஒரு வான் வண்டியை அனுப்பிவிட்டு, அந்தக் கேள்வி வந்து, பஸ் ஏறி ஹெந்தளை வரைக்கும் துரத்திப் போயிருக்கிறார். வான்காரர் ஒரு செத்தவீட்டில் நின்றாராம். அழுகிற சனத்துக்கு நடுவே ஸ்பானரோடு குனிந்து பார்த்தால், நட்டு இறுக்கமாகத்தான் இருந்ததாம். வந்தது வந்தாச்சு என்று பிரேதத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

என்னவர் எனக்கு விட்டுப் போனது வெள்ளவத்தையில் ஒரு வீடும் ஒரு மொரிஸ் மைனரும். வீட்டைவிடக் காருக்குத்தான் வயது கூட. நான் பள்ளிக்கூடம் கண்டது மூன்றாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் அந்தக் காரின் பின் சீட்டில் நான் இருந்து வந்தால், காலி வீதியில் படித்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசி மகள் வதனிக்குக் கலியாணம் வந்தது. கனடாவில் இருக்கிற மூத்தவன், “பொம்பிளை அப்பான்ர காரிலதான் போகவேணும் அம்மா” என்று சொல்லி, நாலு அலோய் சில்லு பெட்டியில் போட்டு அனுப்பினான். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி மினுக்கம்.

கலியாணத்துக்கு மூன்று நாள் முந்தி, கார் ஓட்டுகிற என் தம்பியோடு நானாவிடம் போனேன். முதலில் கலியாணக் கார்டைக் கொடுத்தேன். பிறகு சில்லைக் காட்டினேன். ஒன்றைப் பூட்டினார். கழற்றினார். திரும்பப் பூட்டி, காதை வைத்துக் கேட்டார். முகம் கறுத்துவிட்டது.

“அக்கா, இது வாணாம். ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் அரை நூல் பிழையா ஈக்கிது.”

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் நூல் என்பார்கள். இவர் அதிலும் பாதிக்கு நடுங்குகிறார்.

“பூட்டுப்பட்டுதுதானே நானா?”

“பூட்டுப்படும். அதுதான் பயம். பூட்டுப்படாட்டி நீங்களே விட்டுருவீங்க.”

“அரை நூல்! என்ர சட்டை ஒரு அங்குலம் பிழை. போட்டுக்கொண்டுதானே நிக்கிறன்?”

“சட்டையில மகள ஏத்திக்கொண்டு போக மாட்டீங்கதானே அக்கா?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அப்படியே வேறு கடைக்குக் காரை விடச் சொன்னேன். அங்கே ஒருவர் போனில் கதைத்தபடியே பத்து நிமிசத்தில் நாலையும் பூட்டித் தந்தார். அலோயோடு வந்த புது நட்டுகளைப் போட்ட அவசரத்தில் பழைய நட்டுகளை அங்கேயே மறந்து, பழைய சில்லுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினோம். அடுத்த நாள் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்துக் கோயிலுக்குப் போனோம். வரும்போது முன் பக்கம் ‘டக், டக்’ என்றது.

“அக்கா, ஒரு சத்தம் கேக்குது” என்றான் தம்பி.

“தேசிக்கொட்டை சிக்கியிருக்கும். நீ ஓட்டு.”

சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தேசிக்கொட்டை பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் சத்தம் போடுமா? நானாவின் வருத்தம் எனக்கும் தொற்றிவிட்டது. வாய் திறந்து சொல்லத்தான் மானம் விடவில்லை.

கலியாணக் காலை. வதனி பட்டு உடுத்து, தலை நிறையப் பூவோடு பின் சீட்டில் ஏறிவிட்டாள். கொட்டாஞ்சேனை மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் இருந்தது. தம்பி சாவியைத் திருப்புகிறான், கேட்டை மறித்துக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. இறங்கினது சில்லு நானா. அழுத்திப் போட்ட வெள்ளைச் சேர்ட், அத்தர் வாசம், கையில் ஸ்பானர்.

“கார்டு தந்தீங்கதானே அக்கா. வந்துட்டேன்.”

நான் பதில் சொல்ல முந்தியே குந்திவிட்டார். முன் இடது சில்லில் கையை வைத்தார். ஸ்பானர் இல்லை, வெறுங்கை. நட்டு சுழன்றது. அடுத்ததும் சுழன்றது.

மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் அறியாமல் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழைய சில்லக் கொண்டாங்க” என்றார் நானா.

“அதுக்குரிய நட்டு இல்லை நானா. கடையில விட்டிட்டம்.”

அவர் கால்சட்டைப் பையைக் கவிழ்த்தார். பதினாறு நட்டு. அசல் மொரிஸ் நட்டு. கோபத்தில் போன நாங்கள் பழைய நட்டைத் தொலைத்திருப்போம் என்று கணக்குப் போட்டு, இரண்டு நாளாகக் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கினாராம்.

“நீங்க கேக்க மாட்டீங்கண்டு தெரியும் அக்கா.”

நாலு சில்லும் மாறியது. வெள்ளைச் சேர்ட்டும் நிறம் மாறியது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிசம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க நானா பின்னால் ஆட்டோவில், தலையை வெளியே நீட்டி, எங்கள் சில்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே கெட்டிமேளம் கேட்டு எல்லோரும் அட்சதை போட, அவர் வெளியே நட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். ஓடின பிறகு இன்னொருக்கால் இறுக்கவேண்டுமாம். நட்டு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று, அன்றைக்குப் பிறகு சில்லு மூடியையும் போட விடவில்லை.

அலோய் நாலும் இப்போது என் பூச்சாடிகளுக்குக் கீழே கிடக்கின்றன. மூத்தவனுக்குப் பூவை மட்டும்தான் படம் எடுத்து அனுப்புகிறோம்.

போன மாதம் நானா களுபோவில ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சுக் குழாயில் அடைப்பாம். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

“கார்லயா வந்தீங்க அக்கா? அந்த முன் இடது பக்கம்...”

“இறுக்கமாத்தான் இருக்கு. படுங்கோ நானா.”

“பாத்தீங்களா?”

“பாக்காமலா வந்தனான்?”

பொய். கீழே வந்து காரில் ஏறத்தான் பார்த்தேன், கால் ஏறவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த முழங்காலோடு குந்தி, பதினாறு நட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பார்த்தேன். பிறகு திரும்பவும் மேலே போனேன். வாசலில் காவல்காரர் “அம்மே, வெலாவ இவரய்” என்று மறித்தார், பார்க்கிற நேரம் முடிந்துவிட்டதாம். “ஒரே ஒரு சொல்லு, புத்தே” என்று சிங்களத்தில் அவரை மகனாக்கி நுழைந்துவிட்டேன்.

நானா கண்ணை விழித்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குனிந்து, “பதினாறும் இறுக்கம்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மனுசன் நித்திரையானார்.